நீலக்கல் இயற்கையா, செயற்கையா, சூடேற்றியதா? எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: "அப்பாவுக்கு ராசிக்கல்லாக நாலு கேரட்டில் ஒரு நீலக்கல் பார்த்து வைத்திருக்கிறோம். சிலோன் கல் என்கிறார் கடைக்காரர். டெஸ்டர் வைத்தும் காட்டினார். இது இயற்கைக் கல்லா, செயற்கையா, ஏதாவது ட்ரீட்மென்ட் செய்ததா என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?"

பாதி தூரம் நீங்களே போகலாம். மீதிப் பாதிக்குப் பரிசோதனைக் கூடம் வேண்டும். எந்தப் பாதி எது என்று தெரியாமல் இருப்பதால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, இது நீலக்கல்தானா, இல்லை வேறு ஏதாவது நீல நிறக் கல்லா? இரண்டாவது, நீலக்கல்தான் என்றால் மண்ணில் விளைந்ததா, உலையில் வளர்த்ததா? மூன்றாவது, மண்ணில் விளைந்தது என்றால் வெளியே எடுத்த பிறகு அதை என்ன செய்தார்கள்? இந்த வரிசையில்தான் போக வேண்டும். ஒரு கேள்விக்கான சோதனை பெரும்பாலும் அடுத்த கேள்விக்கு உதவாது.

கடைக்காரர் வைத்துக் காட்டிய டெஸ்டர் முதல் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்று அது பார்க்கும். சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் உலையில் வளர்த்த நீலக்கல்லும் இயற்கை நீலக்கல்லும் அதற்கு ஒன்றேதான். இரண்டும் அலுமினியம் ஆக்சைடு, அதாவது குருந்தம். அதில் துளியளவு இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். கடினத்தன்மை இரண்டுக்கும் பத்துக்கு 9. அடர்த்தி இரண்டுக்கும் 4. ஒளிவிலகல் எண் இரண்டுக்கும் 1.762 முதல் 1.770 வரை. செயற்கை நீலக்கல் போலிக் கல் அல்ல. பொருள் அதேதான், பிறந்த இடம் வேறு. அதனால் பொருளை அளக்கும் எந்தக் கருவியும் பிறந்த இடத்தைச் சொல்லாது.

நம் ஊரில் இன்னும் சொல்லப்படும் பால் சோதனையும் இப்படித்தான். நல்ல நீலத்தைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும் என்பார்கள். நிறம் ஆழமான எந்தக் கல்லும், நீலக் கண்ணாடித் துண்டுகூட, வெளிச்சத்தைப் பொறுத்து அப்படி ஒரு சாயலைக் காட்டலாம். அரத்தால் கீறிப் பார்ப்பதும் வேண்டாம். செயற்கைக் கல்லிலும் கீறல் விழாது, வேறு கல்லாக இருந்தால் அதைக் கெடுத்துவிடுவீர்கள்.

முதல் கேள்விக்கு வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை ஒன்று உண்டு, எடை. நாலு கேரட் என்றால் 0.8 கிராம். மில்லிகிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று கிடைத்தால், கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ கல் படக்கூடாது, கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. குருந்தமாக இருந்தால் தண்ணீரில் 0.6 கிராம் காட்டும், அதாவது நாலில் ஒரு பங்கு குறையும். நீலமாகவே இருக்கும் வேறு கற்களில், நீல ஸ்பினெல்லுக்கு அடர்த்தி சுமார் 3.6, டான்சனைட்டுக்கு 3.35, ஐயோலைட்டுக்கு 2.6 பக்கம். அவற்றில் எடை அதைவிட அதிகமாகக் குறையும். ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருக்கும் நகை மதிப்பீட்டாளர் யாராவது தெரிந்தவராக இருந்தால் இன்னும் சுலபம், ஒரு நிமிட வேலை. செயற்கை ஸ்பினெல் 1.728 என்று ஒரே அளவு காட்டும், நீலக்கல் இரண்டு அளவு காட்டும்.

சரி, நீலக்கல்தான் என்று தெரிந்துவிட்டது. இனிதான் விஷயமே.

செயற்கை நீலக்கல் நேற்று வந்ததல்ல. ஆகஸ்ட் வெர்னாய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். சில ஆண்டுகளிலேயே, 1910-ஐ ஒட்டி, நீலமும் வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கற்கள் உலகம் முழுக்கப் போயிருக்கின்றன. திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது எத்தனையோ குடும்பங்களின் தொழிலாகவே இருந்தது. "இது பாட்டி காலத்துக் கல், அதனால் இயற்கைதான்" என்று யாராவது சொன்னால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டி காலத்திலேயே செயற்கைக் கல் தாராளமாகக் கிடைத்தது.

வெர்னாய் முறையில் அலுமினியம் ஆக்சைடுத் தூள் ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் சுடருக்குள் மேலிருந்து கொட்டும். இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் உருகித் துளித்துளியாக கீழே சுழலும் தண்டின் மேல் விழுந்து, அடுக்கடுக்காக உறையும். உருகி உறையும் அந்த மேற்பரப்பு குவிந்து வளைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அடுக்கும் வளைவாகவே பதிகிறது. இயற்கைப் படிகம் வளர்வது அப்படி அல்ல. அது தட்டையான முகங்களோடு வளர்கிறது, அதனால் அதன் நிறக் கோடுகள் நேராக ஓடும், திரும்பும் இடத்தில் 120 டிகிரியில் ஒடிந்து திரும்பும். செயற்கையில் உள்ள கோடு, மரத்தை அறுத்தால் தெரியும் வளையத்தின் ஒரு துண்டு மாதிரி மெல்ல வளைந்து போகும். நேர்கோடா, வளைகோடா என்ற இந்த ஒரு வித்தியாசம் கோடிக்கணக்கான கற்களைப் பிரித்துக் கொடுக்கிறது.

இதைப் பார்க்கும் விதம் முக்கியம். கல்லை மேலிருந்து பார்த்தால் பட்டைகளின் மினுக்கில் ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் கிளிசரினோ தெளிந்த தேங்காய் எண்ணெயோ ஊற்றிக் கல்லை அமிழ்த்துங்கள், தண்ணீர்கூடப் பரவாயில்லை. டப்பாவுக்கு அடியில் போன் டார்ச்சை வையுங்கள். பிளாஸ்டிக் ஊடாகப் பரவி வரும் வெளிச்சத்தில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைலென்ஸால் பாருங்கள். பட்டைகளின் மினுக்கு அடங்கி, கல்லின் உள்பக்கம் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் இடுக்கியால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பக்கவாட்டில் ஒரு தடவை, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி ஒரு தடவை. கோடுகள் ஏதோ ஒரு திசையில்தான் துலங்கும், அந்தத் திசை வரும்வரை பொறுமையாகத் திருப்ப வேண்டும். நீலத்தில் அவை அகலமான, மங்கலான வளைவுகளாக இருக்கும். கூடவே உருண்டையான, சில சமயம் வால் நீண்ட, குமிழிகளும் இருக்கலாம். குமிழியும் வளைகோடும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், செயற்கைதான்.

குமிழி மட்டும் தெரிந்தால் அவசரப்படாதீர்கள். இயற்கைக் கல்லின் உள்ளேயும் உருண்டு திரண்ட சின்னப் படிகங்கள் இருக்கும். லூப்பில் அவை குமிழி போலவே தெரியும். அதேபோல உள்ளே வெடிப்பு இருப்பதாலேயே இயற்கை என்று முடிவு கட்டவும் கூடாது. செயற்கைக் கல்லைச் சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து, உள்ளே வேண்டுமென்றே வெடிப்பை உண்டாக்குகிறார்கள். பிறகு அதை வேறொரு உருகலில் போட்டு எடுத்தால் இயற்கைக் கல்லில் வரும் 'கைரேகை' மாதிரியே ஒரு தோற்றம் வந்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கல்லில்தான். வெடிப்பை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் நிறக் கோடு வளைகிறதா என்று பாருங்கள்.

உருகலில் மெதுவாக வளர்க்கும் ஃப்ளக்ஸ் கற்களும், அதிக அழுத்தத்தில் நீரில் வளர்க்கும் ஹைட்ரோதெர்மல் கற்களும் உண்டு. அவற்றில் வளைகோடு இருக்காது. ஃப்ளக்ஸ் கல்லில் மெல்லிய திரை போன்ற படலங்களும், உருக்கும் பாத்திரத்திலிருந்து வந்த பளபளக்கும் பிளாட்டினத் துணுக்குகளும் இருக்கும். செலவு அதிகம் என்பதால் சாதாரணக் கடைகளில் இவை அரிது. நட்சத்திர நீலம் வாங்குபவர்கள் இன்னொன்று கவனிக்க வேண்டும். 1947 முதல் அமெரிக்காவின் லிண்டே நிறுவனம் செயற்கை நட்சத்திரக் கற்களைச் சந்தைக்கு விட்டது. நட்சத்திரம் அச்சடித்த மாதிரி சரியாக நடுவில், கூர்மையாக, கல்லின் மேற்பரப்பிலேயே வரைந்ததுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். இயற்கையில் கதிர்கள் கொஞ்சம் மங்கலாக, ஒன்றிரண்டு கோணலாக, உள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

இயற்கைக் கல்லுக்குச் சாட்சி அதன் உள்ளேயே இருக்கிறது. இலங்கைக் கல்லில் நீண்ட, முடி போன்ற ரூட்டைல் (டைட்டானியம் ஆக்சைடு) ஊசிகள் மூன்று திசைகளில் 60 டிகிரியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், வியாபாரிகள் இதை சில்க் என்பார்கள். உள்ளே இருக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களைச் சுற்றி, சூடேற்றாத கல்லிலும், ஒரு வெடிப்பு வட்டம் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. படிகம் வளரும்போது உள்ளே சிறு குழி விழுந்து, அதில் திரவக் கார்பன் டை ஆக்சைடு அடைபட்டிருக்கும், அந்தத் திரவத்துக்குள் ஒரு வாயுக் குமிழி மிதக்கும். மைக்ரோஸ்கோப்பில் அந்தக் குமிழி தெரியும்போதே விளக்கின் சூட்டில் கல் லேசாகச் சூடானால், சுமார் 31 டிகிரியில் குமிழி சட்டென்று மறைந்துவிடும். குளிர்ந்தால் திரும்ப வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அந்த வெப்பநிலைக்கு மேல் திரவமாக இருக்க முடியாது என்பதுதான் காரணம். சென்னை வெயிலில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் ஏசி அறையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் குமிழி கண்ணில் படவே படாது. இப்படி ஒரு குழி உடையாமல் முழுசாக இருந்தால் அந்தக் கல் இயற்கை, அதோடு அதிக வெப்பத்தில் வாட்டப்படவும் இல்லை. வாட்டியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிக் குழி வெடித்திருக்கும். இரண்டு கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் கிடைப்பது அபூர்வம்.

இலங்கையில் பட்டை தீட்டிய கல்லைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள். மேலிருந்து நல்ல நீலம், பக்கத்திலிருந்து பார்த்தால் பாதிக்கு மேல் நிறமே இல்லை. "சாயம் போட்டிருக்கிறார்கள்" என்று நினைப்பார்கள். உண்மையில் அது அங்குள்ள பட்டை தீட்டுபவரின் திறமை. கரடாக இருந்தபோது நீலம் ஒரு மூலையில்தான் இருந்திருக்கும். அந்த மூலை கல்லின் அடிமுனைக்கு வரும்படி தீட்டினால் மேலிருந்து கல் முழுவதும் நீலமாகத் தெரியும். இப்படி நிறம் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது இயற்கைக்குச் சாதகமான அடையாளமே தவிர குறையல்ல.

இப்போது மூன்றாவது கேள்வி. சந்தையில் இருக்கும் நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடேற்றியவை. குறைந்த சூட்டில் ஊதுகுழலால் கரி நெருப்பில் கல்லை வாட்டும் வழக்கம் இலங்கையில் பழையது. பெரிய மாற்றம் 1970களில் வந்தது. ரத்தினபுரிப் பக்கம் கெவுடா என்று ஒரு வகைக் கல் உண்டு. பால் கலங்கிய மாதிரி, வெளிறி, நீலச் சாயல் லேசாக ஓடும். மதிப்பில்லை என்று ஒதுக்கப்பட்டவை. அவற்றைத் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிப்போய் 1500 டிகிரிக்கு மேல் ஆக்ஸிஜன் குறைந்த சூழலில் சூடேற்றினார்கள். கலங்கலுக்குக் காரணமான ரூட்டைல் கரைந்து, அதிலிருந்த டைட்டானியம் கல்லுக்குள் பரவி இரும்போடு சேர்ந்தது. வெளிறிய கல் தெளிந்த நீலமாக மாறியது. விஷயம் இலங்கையில் பரவுவதற்குள் ஏராளமான கெவுடா நாட்டைவிட்டுப் போய்விட்டது. பிறகு அங்கேயே உலைகள் வந்தன.

சூடேற்றிய தடயத்தை லூப்பிலும் ஓரளவு பிடிக்கலாம். முழு ஊசியாக இருக்க வேண்டிய சில்க் அறுந்து புள்ளிக் கோடாகியிருக்கும். உள்ளே இருக்கும் படிகங்களைச் சுற்றி வட்டத் தகடு மாதிரி பளபளக்கும் வெடிப்பு இருக்கும். படிகத்தின் ஓரங்கள் உருகிப் பஞ்சுபோல் ஆகியிருக்கும். முழு ஊசிகள் கூர்மையாக அப்படியே இருந்தால் அதிக வெப்பம் படவில்லை என்று சொல்லலாம். ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாத சுத்தமான கல்லில் லூப் கையை விரித்துவிடும். அங்கே அகச்சிவப்பு நிறமாலை பார்க்கும் கருவி வேண்டும். குறைந்த சூட்டில் வாட்டியிருந்தால் நல்ல கூடங்களுக்குமே கஷ்டம்தான்.

சூடேற்றுவது ஏமாற்று வேலை அல்ல. நிறம் நிரந்தரம், கல்லுக்குள் வெளியிலிருந்து எதுவும் சேர்க்கவில்லை, உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வழக்கம். ஏமாற்று எங்கே என்றால், அதைச் சொல்லாமல் சூடேற்றாத கல்லின் விலைக்கு விற்பதில். அளவு கூடக் கூட இரண்டுக்கும் விலை வித்தியாசம் பல மடங்காகப் போகும். அப்பாவுக்குச் சனி பகவானுக்காக வாங்குகிறீர்கள், நெருப்பில் வாட்டிய கல் ஆகாது என்று உங்கள் ஜோதிடர் சொல்லியிருக்கலாம். அந்த நம்பிக்கையோடு வருபவரிடம் வாட்டிய கல்லை மறைத்துக் கொடுப்பது எனக்குப் பெரிய துரோகமாகவே படுகிறது. பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமில்லை அது.

வெறும் சூட்டைத் தாண்டிப் போகும் வேலைகளை வேறு கணக்கில் வைக்க வேண்டும். வெளிறிய கல்லை டைட்டானியப் பொடியில் புதைத்துச் சூடேற்றினால் மேல்தோலில் மட்டும் நீலம் ஏறும், ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இதை நீங்களே பிடித்துவிடலாம். நான் மேலே சொன்ன அதே டப்பா, அதே கிளிசரின், அதே வெளிச்சம். நிறம் பட்டைகளின் விளிம்பு விளிம்பாகக் கட்டி, கல்லின் வடிவத்தைப் பென்சிலால் வரைந்த மாதிரி தெரியும். இயற்கை நிறம் பட்டையைப் பற்றிக் கவலைப்படாது, படிகத்தின் போக்கில் போகும். இந்தக் கல்லை மறுபடி மெருகிட்டால் நிறமே போய்விடும்.

பெரிலியம் என்ற தனிமத்தைச் சேர்த்துச் சூடேற்றுவது அப்படியல்ல. பெரிலியம் அணு மிகச் சிறியது, கல்லின் உள்ளே ஆழமாக, சிலவற்றில் முழுக்கவே, ஊடுருவிவிடும். 2001–2002 வாக்கில் பத்பராட்சா என்ற அரிய வகையைப் போன்ற ஆரஞ்சு–இளஞ்சிவப்புக் குருந்தக் கற்கள் சந்தையில் திடீரெனப் பெருகியபோதுதான் இது வெளியே தெரிந்தது. மடகாஸ்கர் கற்களைப் பெரிலியம் உள்ள கிரைசோபெரில் என்ற கனிமத்தோடு சேர்த்துச் சூடேற்றியிருந்தார்கள். இன்று இதில் அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள் நம் ஊரில் குரு பகவானுக்காகக் கனக புஷ்பராகம் (மஞ்சள் நிறக் குருந்தம்) வாங்குபவர்கள். பளிச்சென்ற மஞ்சள், சுத்தமான கல், விலையும் கைக்கு அடக்கம் என்றால் முதல் சந்தேகம் பெரிலியம். லூப்பில் உறுதிசெய்ய வழியில்லை. லேசரால் கண்ணுக்குத் தெரியாத அளவு துணுக்கைச் சுரண்டித் தனிமங்களை அளக்கும் கருவி வைத்திருக்கும் கூடம்தான் சொல்ல முடியும். சூடேற்றாத இலங்கைப் புஷ்பராகத்தில் நீளலைப் புற ஊதா டார்ச் அடித்தால் பெரும்பாலும் ஆப்ரிகாட் பழத்தின் ஆரஞ்சு நிறம் ஒளிரும். நல்ல அறிகுறி, ஆனால் அதை வைத்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

மோசமான வகை, வெடிப்பு நிறைந்த கல்லில் கோபால்ட் கலந்த ஈயக் கண்ணாடியை ஊற்றி நிரப்புவது. நீலம் கல்லில் இல்லை, வெடிப்பில் இருக்கிறது. லூப்பில் நிறம் வெடிப்புகளில் தேங்கியிருப்பதும், அசைக்கும்போது வெடிப்புக்குள் ஒரு நிறம் மின்னி மறைவதும், தட்டையான குமிழிகளும் தெரியும். எலுமிச்சைச் சாறு மாதிரி புளிப்பு பட்டால்கூட உள்ளிருக்கும் கண்ணாடி அரிக்கும். ஆசாரியின் ஊதுகுழல் சூடு பட்டாலும் கெட்டுவிடும். இதை நீலக்கல் என்ற பெயரில் விற்பதே தவறு.

கதிர்வீச்சு கொடுத்த மஞ்சள் கல்லும் உண்டு. நல்ல வெயிலில் சில நாள் வைத்தால் நிறம் வெளுத்துவிடும்.

கடைக்காரர் ஒரு கார்டு கொடுப்பார். அதில் 'இயற்கைக் குருந்தம்' அல்லது 'இயற்கை நீலக்கல்' என்று மட்டும் இருந்தால் இரண்டாவது கேள்வி வரைக்கும்தான் பதில் வந்திருக்கிறது. கருத்து (Comments) என்ற வரியைத் தேடுங்கள். 'வெப்பமூட்டிய அறிகுறி இல்லை', 'வெப்பமூட்டப்பட்டது', 'சோதிக்கப்படவில்லை' என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும். காலியாக இருந்தால் நல்லது என்று அர்த்தமல்ல, அந்தச் சோதனை நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கார்டிலுள்ள எண்ணைக் கூடத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எடை இரண்டு தசமம் வரை, நீள அகல ஆழம் மில்லிமீட்டரில், கையில் இருக்கும் கல்லோடு பொருந்த வேண்டும். நல்ல கல்லின் கார்டை வேறு கல்லோடு சேர்த்துக் கொடுப்பதும் நடக்கிறது. கடைக்காரர் கொடுத்த கார்டு மட்டும் போதாது, நீங்களே தேர்ந்தெடுத்த கூடத்தில் ஒரு தடவை பாருங்கள். இந்தியாவில் ஜெய்ப்பூரில் ஐஐஜிஜே ரிசர்ச் அண்ட் லேபாரட்டரீஸ் சென்டர் (முன்பு ஜெம் டெஸ்டிங் லேபாரட்டரி), மும்பையில் ஜெமாலஜிக்கல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா, ஜிஐஏ (ஜெமாலஜிக்கல் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்கா) ஆகியவை இருக்கின்றன. இலங்கையில் வாங்கினால் தேசிய ரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிலேயே பரிசோதிக்கலாம். அனுப்பும் முன் போன் செய்து, சூடேற்றல், பெரிலியம் இரண்டையும் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கூடங்களிலும் எல்லாக் கருவிகளும் இருக்காது.

உங்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது இதுதான். பில்லில் 'இயற்கை நீலக்கல், சூடேற்றாதது' என்றோ 'சூடேற்றியது' என்றோ எழுதி வாங்குங்கள், கூடத்தின் முடிவு மாறாக வந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்பதையும் சேர்த்து. எழுதித் தரத் தயங்கும் கடையில் நாலு கேரட் கல் வாங்க வேண்டாம். ராசிக்கல் மோதிரம் விரலில் கல் படும்படி அடி திறந்துதான் செய்வார்கள், அதனால் பிறகும் ஓரளவு பார்க்க முடியும். ஆனால் பதித்துவிட்டால் எடையைத் துல்லியமாகப் போட முடியாது, உள்ளே பாதி இடம் மறைந்தும்விடும். கல் ஆசாரி கைக்குப் போவதற்கு முன்பே பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.